வீட்டுக்கு ஒரு ராட்செட்: தேர்ந்தெடுத்ததும், திறந்து பார்த்ததும், வேலை வாங்கியதும்

போல்ட்டையும் நட்டையும், கருவியை எடுத்து எடுத்து மாட்டாமல், பிடியை முன்பின் ஆட்டியே திருப்பும் கைக்கருவிதான் ராட்செட். விலை குறைந்த ராட்செட் வாங்குகிறவர்கள் பெரும்பாலும் பல் எண்ணிக்கையைத்தான் முதலில் பார்க்கிறார்கள். நான் தலையின் பின்தகட்டைப் பார்த்தேன். அந்தத் தகடு இரண்டு சிறு திருகாணிகளால் பிடிக்கப்பட்டிருந்தது. அதைக் கழற்றலாம், உள்ளே துடைக்கலாம், கிரீஸ் வைக்கலாம், சோர்ந்துபோன ஸ்பிரிங்கை மாற்றலாம். ராட்செட்டின் தலைக்குள் இருப்பவை மிகச் சில உறுப்புகள்: ஒரு பற்சக்கரம், அதன் பற்களில் விழும் நாக்கு, நாக்கைத் தள்ளும் ஸ்பிரிங், ஒரு சிறு குண்டு, திசைமாற்றி. இவ்வளவு எளிய பொறியைத் திறக்கவே முடியாதபடி மூடி விற்றால், முதல் தூசி உள்ளே போன நாளிலிருந்து அது தேய்ந்துகொண்டே போகும்; நம்மால் எதுவும் செய்ய முடியாது. குறைந்த விலையில் வாங்கும்போது இந்த ஒன்றை நான் விட்டுக்கொடுக்கத் தயாராக இல்லை.

வாங்குவதற்கு முன் வீட்டில் இருக்கிற போல்ட்டுகளை வெர்னியர் வைத்து அளந்து ஒரு தாளில் எழுதிக்கொண்டேன். எல்லோரும் இதைச் செய்ய வேண்டும் என்று விரும்புகிறேன். கட்டில் சட்டத்தின் போல்ட் தலைகள் 13 மி.மீ. துணி துவைக்கும் இயந்திரத்தின் பின்புறத்தில் 10, உள்ளே மோட்டாரைத் தாங்கும் இடத்தில் 13. ஸ்கூட்டரின் மேல்மூடிகளில் 8, 10. எஞ்சின் பக்கத்தில் 12, 14. மேசை, நாற்காலி, அலமாரி எல்லாம் 10, 13 என்ற இரண்டுக்குள் அடங்கிவிட்டன. சர்வதேச அளவுமுறைப்படி 6 மி.மீ. போல்ட்டுக்குத் தலை 10, 8 மி.மீ. போல்ட்டுக்குத் தலை 13. ஜப்பானிய வடிவமைப்பு வாகனங்களில் அதே 8 மி.மீ. போல்ட் 12 மி.மீ. தலையோடும், 10 மி.மீ. போல்ட் 14 மி.மீ. தலையோடும் வரும். ஆக, 8, 10, 12, 13, 14 என்ற ஐந்து சாக்கெட்டுகள் (போல்ட் தலையின் மேல் பொருந்தும் குழல்கள்) வீட்டு வேலையில் பெரும்பகுதியை முடித்துவிடும். நூற்றுக்கு மேற்பட்ட துண்டுகள் என்று அட்டையில் அச்சிட்ட பெட்டிகளைத் திறந்து பார்த்தால், அவற்றில் பல திருப்புளி முனைகளாக இருக்கும்.

அந்தப் பட்டியலே சதுரமுனையின், அதாவது ராட்செட்டில் சாக்கெட் மாட்டும் சதுரத் தண்டின், அளவையும் தீர்மானித்துவிட்டது. கைக்கருவிகளில் பரவலாகப் புழங்குபவை 1/4, 3/8, 1/2 அங்குலச் சதுரங்கள். மெட்ரிக் அட்டவணைகளில் இவற்றையே 6.3, 10, 12.5 என்று குறிப்பிடுவார்கள், பொருள் ஒன்றுதான். சதுரத்தின் அளவுகள் ஐஎஸ்ஓ 1174 என்ற தரநிலையில் வரையறுக்கப்பட்டிருப்பதால் ஒருவர் செய்த ராட்செட்டில் இன்னொருவர் செய்த சாக்கெட் பொருந்தும். சாக்கெட்டுகள் ஏற்கெனவே இருந்தால் ராட்செட்டை மட்டும் தனியாக வாங்கலாம். நான் அப்படித்தான் வாங்கினேன். முழுப் பெட்டிக்குக் கொடுக்கும் பணத்தில் ஒரு பங்கை ஒரே ராட்செட்டில் போட்டால், அதே செலவில் தரம் ஒரு படி உயர்கிறது.

மூன்றில் எது? கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்த்தேன். வழக்கமான 8.8 தர (போல்ட்டின் வலிமையைக் குறிக்கும் எண்) எஃகு போல்ட்டுகளுக்கு இறுக்கும் அளவு ஏறக்குறைய இப்படி இருக்கும்: 6 மி.மீ. போல்ட்டுக்கு 10 நியூட்டன் மீட்டர் (முறுக்கின் அலகு), 8 மி.மீ.க்கு 25, 10 மி.மீ.க்கு 50. பிடியின் நீளம் 200 மி.மீ. என்றால் முதலாவதற்குக் கை கொடுக்க வேண்டிய விசை 50 நியூட்டன், அதாவது ஐந்து கிலோ எடையைத் தூக்கும் அளவு. இரண்டாவதற்கு 13 கிலோ. மூன்றாவதற்கு 25 கிலோ. மூன்றுமே உட்கார்ந்த இடத்திலிருந்து ஒரு கையால் கொடுக்கக்கூடியவை. 3/8 அங்குல ராட்செட்டின் பிடி பெரும்பாலும் இந்த நீளத்தில்தான் வருகிறது. 1/2 அங்குலத்தில் பிடி 250 மி.மீ.யைத் தொடும், தலையும் பருத்திருக்கும்; அதை வைத்து 6 மி.மீ. போல்ட்டை இறுக்கினால் கையின் இயல்பான பலமே மரையை அறுத்துவிடும். 1/4 அங்குலம் சிறு வேலைகளுக்கு அருமையானது, ஆனால் 14 மி.மீ. நட்டு ஒன்று துருப்பிடித்து இறுகியிருந்தால் அது திணறும். வீட்டுக்கு ஒன்றே ஒன்றுதான் என்றால் 3/8 என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

இனி பற்கள். பல் எண்ணிக்கைக்கு இவ்வளவு மதிப்பு ஏன்? ஒரு முழுச்சுற்று 360 பாகை. 24 பல் உள்ள ராட்செட்டில் அடுத்த பல்லைப் பிடிக்கப் பிடியை 15 பாகை நகர்த்த வேண்டும். 36 பல்லில் 10 பாகை. 72 பல்லில் 5 பாகை. பாகையில் சொன்னால் கைக்குப் புரிவதில்லை. 200 மி.மீ. பிடியின் நுனியில் அளந்தால் இவை முறையே 52, 35, 17 மி.மீ. நகர்வுகள். துணி துவைக்கும் இயந்திரத்தின் வயிற்றுக்குள், ஒரு பக்கம் டிரம், இன்னொரு பக்கம் தகடு என்று இருக்கும் இடத்தில் 52 மி.மீ. கிடைக்காது. அங்கே 24 பல் ராட்செட் வெறும் இரும்புக் கம்பிதான்.

ஆனால் இந்தக் கணக்கில் ஒரு பகுதி விடுபட்டுப்போகிறது. சதுரமுனைக்கும் சாக்கெட்டுக்கும் இடையே ஆட்டம் உண்டு. சாக்கெட்டுக்கும் நட்டுக்கும் இடையே இன்னொரு ஆட்டம். எக்ஸ்டென்ஷன் தண்டு மாட்டினால் மேலும் ஒன்று. தலைக்குள் நாக்கு உட்கார்ந்திருக்கும் குழியிலும் ஆட்டம் இருக்கும். இவை எல்லாம் சேர்ந்து பல பாகை ஆகிவிடும். வைஸில் ஒரு போல்ட்டைப் பிடித்து, சாக்கெட் மாட்டி, பிடியின் நுனிக்கு நேரே தாள் வைத்துப் பென்சிலால் குறித்துப் பார்த்தேன். போல்ட்டை உண்மையில் திருப்ப 72 பல் ராட்செட்டுக்குத் தேவைப்பட்ட நகர்வு 17 மி.மீ.யைவிட நன்றாகவே அதிகமாக இருந்தது. எக்ஸ்டென்ஷன் சேர்த்தபோது குறிகள் இன்னும் விலகின. அப்படியிருக்க, 72 பல்லிலிருந்து 120க்குப் போனால் 5 பாகை 3 ஆகிறது. மிச்சமாகும் 2 பாகையைத் தளர்ந்த சாக்கெட்டின் ஆட்டமே விழுங்கிவிடும்.

பல் கூடக் கூட ஒவ்வொரு பல்லும் சிறியதாகிறது என்பதும் உண்மை. அதை ஈடுகட்ட நாக்கு ஒரே நேரத்தில் பல பற்களைப் பிடிக்குமாறு அகலமாக, துல்லியமாகச் செய்யப்பட வேண்டும். நல்ல தயாரிப்பாளர்கள் அதைச் செய்கிறார்கள். சிலர் இரண்டு நாக்குகளை அரைப்பல் இடைவெளி தள்ளி வைத்து, 60 பல் சக்கரத்தில் 120 நிலைகளைப் பெறுகிறார்கள். அந்தத் துல்லியத்துக்குச் செலவு ஆகும். குறைந்த விலையில் 120 என்று எழுதியிருந்தால் அந்தச் செலவு வேறு எங்கோ குறைக்கப்பட்டிருக்கும், பெரும்பாலும் எஃகின் பதத்தில். எனவே நான் 72இல் நின்றேன். 45, 48, 60 பல் ராட்செட்டுகளும் வீட்டுக்குத் தாராளமாகப் போதும். உறுதியான 48 பல் ஒன்று கிடைத்தால், தளர்ந்த 90 பல்லைவிட அதைத்தான் எடுப்பேன். அட்டையில் எண் இல்லையென்றால் ஒரு முழுச்சுற்றுக்கு எத்தனை டிக் சத்தம் என்று எண்ணிவிடலாம்.

வாங்கும் இடத்திலேயே, கையில் வைத்தபடி செய்து பார்த்த சோதனைகளில் எனக்கு அதிகம் உதவியது ஒன்று உண்டு. சதுரமுனையை இரு விரல்களால் லேசாகப் பிடித்துக்கொண்டு, பிடியைப் பின்பக்கமாகச் சுற்ற வேண்டும். விரல்களின் பிடியிலேயே சதுரம் அசையாமல் நின்று, பற்கள் தடதடவென ஓடினால் நல்லது. சதுரமும் கூடவே சுழன்று விரலை விட்டு நழுவினால், திரும்பும்போது உள்ள இழுப்பு அதிகம் என்று பொருள். இறுக்கமான நட்டில் இது தெரியாது. நட்டு தளர்ந்து, மரையில் உராய்வு குறைந்தவுடன் தெரியும்: பிடியை முன்னே தள்ளினால் நட்டு ஒரு பங்கு கழல்கிறது, பின்னே இழுத்தால் அதே நட்டு திரும்பவும் உள்ளே வருகிறது. வேலை நகராது. ராட்செட் என்ற கருவி இருப்பதே இந்த முன்பின் ஓட்டத்துக்காக; அதில் தவறுகிற ராட்செட்டில் எத்தனை பல் இருந்தும் பயனில்லை. பார்த்தவற்றில் அதிகப் பல் கொண்ட ஒன்று இந்தச் சோதனையில் விரலைச் சுழற்றிவிட்டது. அதைத் திருப்பி வைத்துவிட்டேன்.

அடுத்து, பிடியை அசையாமல் வைத்துச் சதுரத்தை மேலும் கீழும் ஆட்டிப் பார்த்தேன். சுற்றுத் திசையில் சிறிது ஆட்டம் இயல்பு. செங்குத்தாகக் கடகடத்தால் உள்ளே சக்கரம் உட்காரும் குழி பெரிதாக வெட்டப்பட்டிருக்கிறது. திசைமாற்றி ஒவ்வொரு பக்கமும் தெளிவான டக் என்ற நிலைக்கு வர வேண்டும். நடுவில் நிற்கக் கூடாது. அது தலையின் மேற்பரப்புக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் இடுக்கில் எதிலாவது உரசித் தானாகத் திசை மாறும். பெரிய சாக்கெட் ஒன்றை மாட்டித் தலைகீழாகக் குலுக்கியதும் உண்டு. சதுரத்தின் பக்கத்தில் உள்ள சிறு குண்டு அதைப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

தலையின் நடுவே பொத்தான் வைத்து, அதை அழுத்தினால் சாக்கெட்டை விடுவிக்கும் அமைப்பு அமெரிக்காவில் பீட்டர் ராபர்ட்ஸ் என்ற இளைஞர் உருவாக்கியது. அதற்கு 1965இல் காப்புரிமை கிடைத்தது. கையில் எண்ணெய் படிந்திருக்கும்போது சாக்கெட்டைப் பிடுங்கி எடுக்கும் தொல்லையை அது போக்குகிறது. அதற்காகவே அதை நான் விரும்புகிறேன். ஆனால் மிக நெருக்கமான இடத்தில் தலையின் பின்புறம் எதிலாவது அழுந்தினால், பொத்தானும் அழுந்திச் சாக்கெட் உள்ளே விழுந்துவிடும். எஞ்சினுக்குள் வேலை செய்கிறவர்கள் இதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

குரோம் வனேடியம் என்று பிடியில் பொறித்திருப்பதற்கு நான் பெரிய மதிப்புக் கொடுக்கவில்லை. அது உலோகக் கலவையின் பெயர். அந்த எஃகைச் சூடாக்கிக் குளிர்வித்துப் பதம் ஏற்றிய விதத்தில்தான் பல்லின் ஆயுள் இருக்கிறது, அதை யாரும் பிடியில் எழுதுவதில்லை. முலாம் பூச்சை மட்டும் விரலால் தடவிப் பார்த்தேன். ஓரங்களில் கொப்புளம் இருந்தால் பின்னால் அது உரிந்து பிளேடைப் போலக் கையைக் கிழிக்கும். பிடி முழுவதும் எஃகாக இருப்பதையே தேர்ந்தெடுத்தேன். ரப்பர் உறை கைக்கு இதமாக இருக்கும், ஆனால் பெட்ரோலும் எண்ணெயும் பட்டுப் பட்டு நாளடைவில் பிசுபிசுக்கும். தலை மடங்கும் வகையையும் தவிர்த்தேன். இரண்டாவது ராட்செட்டாக அது வரலாம். முதலாவதற்கு மூட்டு இல்லாத நேர்ப்பிடி வேண்டும்.

வீட்டுக்கு வந்ததும், ஒரு நட்டைக்கூடத் தொடுவதற்கு முன், திறந்தேன்.

திறப்பதற்கு முன்பே கைப்பேசியில் படம் எடுக்கத் தயாராக இருங்கள். பெரிய ஒளிபுகும் பிளாஸ்டிக் பைக்குள் கையை விட்டு, அதற்குள் வைத்தே தகட்டைக் கழற்றினேன்; நாக்கின் பின்னால் இருக்கும் ஸ்பிரிங்கும் குண்டும் துள்ளினால் பைக்குள்ளேயே விழும். தகட்டைத் தூக்கியவுடன் ஒரு படம், சக்கரத்தை எடுத்தவுடன் ஒரு படம். நாக்கு எந்தப் பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தது என்பது பிறகு நினைவில் நிற்காது.

உள்ளே கிரீஸ் என்று சொல்லும்படி எதுவும் இல்லை. துருப்பிடிக்காமல் இருக்கத் தொழிற்சாலையில் தெளித்த பழுப்பு நிற எண்ணெய்ப் படலம், அதில் ஊறிய மிக நுண்ணிய உலோகத் தூள். அந்தத் தூளோடு வேலையைத் தொடங்கினால் பற்கள் ஒவ்வொரு டிக்கிலும் தேய்க்கப்படும். எல்லாவற்றையும் மண்ணெண்ணெயில் போட்டுப் பழைய பல்துலக்கியால் தேய்த்துக் கழுவி, பழைய துணியில் துடைத்துக் காயவைத்தேன். வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தபோது பற்கள் சீராக இருந்தன. நாக்கின் பக்கவாட்டிலும் பின்தகட்டின் உள் ஓரத்திலும் மட்டும் அச்சில் வெட்டிய பிசிறு மெல்லியதாக நின்றது. கண்ணாடித் துண்டின் மேல் 600 எண் உப்புத்தாளை வைத்து, ஒரு துளி எண்ணெய் விட்டு, பிசிறு போகும் அளவுக்கு மட்டும் தேய்த்தேன். பற்களின் மீதும், பல்லைப் பிடிக்கும் நாக்கின் முகத்தின் மீதும் உப்புத்தாள் படவே கூடாது. அங்கே கூர்மை குறைந்தால் பிடிப்பும் குறையும்.

கிரீஸ் வைப்பதில்தான் கவனம் வேண்டும். தலைக்குள் நிறைய அடைத்தால் நல்லது என்று தோன்றும். கெட்டியான கிரீஸ் பற்களுக்கு இடையே நிரம்பினால் நாக்கு முழுவதும் உள்ளே இறங்காது. பல்லின் நுனியை மட்டும் பிடித்துக்கொண்டு நிற்கும். குளிரில் கிரீஸ் மேலும் இறுகும். அந்த நிலையில் பலமாக இழுத்தால் வழுக்கும், பல்லும் உடையும், இழுத்த கை எதிரே உள்ள இரும்பில் மோதும். நான் பற்சக்கரத்தின் மேல் விரல் நுனியால் மெல்லிய படலமாகத் தடவினேன், பற்களின் வடிவம் வெளியே தெரியும் அளவுக்கு. நாக்கு நகரும் குழியில் கிரீஸ் இல்லை, இரண்டு துளி மெஷின் எண்ணெய் மட்டும். ஸ்பிரிங்கை இழுத்து நீட்டி அழுத்தத்தைக் கூட்டும் வேலையைச் செய்யாதீர்கள். திரும்பும்போது உள்ள இழுப்பு கூடிவிடும்.

தகட்டை மூடும்போது திருகாணிகளின் மரையில் நீல நிற மரைப்பசை ஒரு சிறு புள்ளி. நடுத்தரப் பிடிப்புள்ள அந்தப் பசை அதிர்வில் திருகாணி கழலாமல் காக்கும், பின்னால் கைக்கருவியால் திறக்கவும் விடும். தலைக்குள் சொட்டாதபடி புள்ளி மிகச் சிறியதாக இருக்கட்டும். மூடிய பிறகு அதே இருவிரல் சோதனை: வாங்கியபோது இருந்ததைவிட லேசான பிடியிலேயே சதுரம் அசையாமல் நின்றது, டிக் சத்தம் மந்தமாகிச் சீரானது.

முதல் வேலை, துணி துவைக்கும் இயந்திரத்தின் பெல்ட் வழுக்கியதைச் சரிசெய்வது. மின்னிணைப்பைப் பிடுங்கி, பின்தகட்டைக் கழற்றி, மோட்டார் போல்ட்டுகளைத் தளர்த்தி, மோட்டாரைத் தள்ளிப் பெல்ட்டை இறுக்கினேன். உள்ளே இருந்த 13 மி.மீ. போல்ட்டுக்கு மேலே பிடி நகரக் கிடைத்த இடம் மூன்று விரல் அகலம்கூட இல்லை. 72 பல் அங்கே தன் மதிப்பைக் காட்டியது. ஒரு கையால் மோட்டாரைத் தள்ளிப் பிடித்தபடி, மறு கையால் சாக்கெட்டை நட்டிலிருந்து எடுக்காமலே இறுக்கிவிட முடிந்தது. சாதாரண ஸ்பேனரில் ஒவ்வொரு திருப்பத்துக்கும் எடுத்து மாட்ட வேண்டியிருக்கும், அதற்குள் மோட்டார் நழுவியிருக்கும்.

கட்டிலும் ஸ்கூட்டரின் மேல்மூடிகளும் எளிதாக முடிந்தன. 6 மி.மீ. போல்ட்டுகளை இறுக்கும்போது பிடியின் நுனியைப் பிடிக்காமல் தலையை ஒட்டியே பிடித்தேன். நெம்பின் நீளம் பாதியாகும்போது கை கொடுக்கும் முறுக்கும் பாதியாகிறது. அலுமினிய உடலில் வெட்டிய மரைகளுக்கு இந்தப் பழக்கம் பெரிய பாதுகாப்பு. இன்னொன்று: போல்ட்டை முதலில் கையாலோ, பிடி இல்லாமல் சாக்கெட்டை மட்டும் விரலால் சுழற்றியோ மூன்று நான்கு சுற்று ஏற்றிவிட்டுப் பிறகே ராட்செட்டை மாட்டுகிறேன். மரை கோணலாகப் பிடித்திருந்தால் விரல் உடனே உணரும். ராட்செட்டின் நெம்பு அதை உணரவிடாது.

துருப்பிடித்து இறுகிய நட்டுகளை இந்த ராட்செட்டால் உடைப்பதில்லை. அதற்குத் துருவிளக்கி எண்ணெய் விட்டு ஊறவைத்து, நீண்ட ரிங் ஸ்பேனரையோ, உள்ளே பற்கள் எதுவும் இல்லாத நீண்ட நெம்புதண்டான பிரேக்கர் பாரையோ வைத்து முதல் அசைவைக் கொடுக்கிறேன். நட்டு அசைந்த பிறகு ராட்செட். கார் சக்கர நட்டுகள் 100 நியூட்டன் மீட்டர் அளவில் இறுக்கப்பட்டிருக்கும், 200 மி.மீ. பிடியில் அது 50 கிலோ எடை. பிடியில் குழாயைச் சொருகி நீளமாக்கினால் நட்டு கழலலாம், ஆனால் அந்தச் சுமை முழுவதும் உள்ளே இருக்கும் சில பற்களின் நுனிகளில்தான் விழுகிறது. விலை உயர்ந்த ராட்செட்டுக்கும் இதே விதி பொருந்தும்.

பல மாதப் பயன்பாட்டுக்குப் பிறகு மீண்டும் திறந்து பார்த்தேன். எஃகின் பதத்தைப் பற்றி நேரடியாகத் தெரிந்துகொள்ள எனக்குத் தெரிந்த வழி இதுதான். கடினமான இரண்டு எஃகுப் பரப்புகள் உரசும்போது மினுமினுப்பு வரும். மென்மையானவை உரசினால் ஓரம் மழுங்கும், பல்லின் நுனி ஒரு பக்கம் மடிந்து விரலில் உரசும். என்னுடையதில் நாக்கின் முகம் பளபளத்தது, ஓரங்கள் நேராகவே நின்றன. கிரீஸ் சாம்பல் நிறமாகியிருந்தது. கழுவி, புதிதாகத் தடவி, மூடினேன். ஓரம் மழுங்கியிருந்தால் அந்த ராட்செட்டை இறுக்கும் வேலையிலிருந்து விலக்கி, தளர்ந்த நட்டுகளை ஓட்டுவதற்கு மட்டும் வைத்திருப்பேன். சில தயாரிப்பாளர்கள் சக்கரம், நாக்கு, ஸ்பிரிங் மூன்றையும் உதிரித் தொகுப்பாக விற்கிறார்கள். வாங்கும்போதே அது கிடைக்குமா என்று கேட்டுவிடுவது நல்லது.

அடுத்துப் பெட்டியில் சேர்த்தவை 75, 150 மி.மீ. நீளத்தில் இரண்டு எக்ஸ்டென்ஷன் தண்டுகளும் ஒரு பிரேக்கர் பாரும். புதிய சாக்கெட் வாங்கும்போது பன்னிரண்டு முனை வகையைத் தவிர்த்து ஆறு முனை வகையை எடுக்கிறேன். அது நட்டின் மூலைகளை விட்டுப் பக்கங்களைப் பிடிப்பதால் தேய்ந்த தலைகளிலும் எளிதில் வழுக்குவதில்லை. நடுவில் வளையும் மூட்டு ஒன்றும் தேவைப்படும் என்று நினைத்தேன். இரண்டு தண்டுகளே இதுவரை போதுமாக இருக்கின்றன.